வண்டி ஏறிய ஓடம்! பினாங்கு பெர்ரி படகின் கதை

"வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்" என்று நம் ஊரில் பழமொழி சொல்வார்கள். வாழ்ந்தவன் தாழ்வான், தாழ்ந்தவன் வாழ்வான் என்பதற்காகச் சொன்னது அது. ஆனால் மலேசியாவில் உள்ள பினாங்கு தீவில் இது வெறும் பழமொழி அல்ல. அங்கே வண்டி நிஜமாகவே ஓடத்தில் ஏறியது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. 95 வருஷம் ஏறியது!

கார், லாரி, மோட்டார் சைக்கிள், ஜனங்கள் என்று எல்லோரையும் சுமந்துகொண்டு கடலில் போய்வந்த அந்தப் படகுக்குப் பெயர் பெர்ரி. 1925-ம் ஆண்டு ஏறிய கார், 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு இறங்கியது. இப்போது படகு இருக்கிறது. கார் இல்லை.

கார் போனது போகட்டும். நடந்து வருகிறவன் கதி என்ன ஆயிற்று? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கரை என்றே பெயர்!

மலேசியாவின் வடமேற்கு ஓரம் பினாங்கு. "பினாங்" என்றால் மலாய் மொழியில் பாக்கு. பாக்கு மரத் தீவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். தீவில் உள்ள நகரம் ஜார்ஜ்டவுன். எதிர்க்கரையில் உள்ள ஊர் பட்டர்வொர்த். நடுவே கடல். அகலம் அதிகம் இல்லை, சுமார் 3 கிலோமீட்டர்தான். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் உள்ள கட்டடம் தெரியும். ராத்திரியில் விளக்கு தெரியும்.

எதிர்க்கரை வட்டாரத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் "செபராங் பிறை". "செபராங்" என்றால் என்ன தெரியுமா? அக்கரை! ஊருக்கே அக்கரை என்று பெயர் வைத்தவர்கள் படகு இல்லாமல் இருந்திருப்பார்களா?

பட்டர்வொர்த் என்ற பெயரைக் கேட்டதும் வெண்ணெய் ஞாபகம் வரும். வெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவரின் பெயர் அது. 1843 முதல் 1855 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்துக் கவர்னராக இருந்தவர். அதற்கு முன்பு அவர் வேலை பார்த்தது எங்கே? நம்ம மதராஸ் ராணுவத்தில்!

வெள்ளைக்காரன் பினாங்கில் கொடி நட்டது 1786-ல். பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் வியாபாரி கெடா சுல்தானோடு பேசித் தீவைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். (கெடா என்பதுதான் ராஜேந்திர சோழன் படை எடுத்த கடாரம்.) 1800-ல் எதிர்க்கரையில் ஒரு துண்டு நிலமும் வந்து சேர்ந்தது. தீவு ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம். அன்றைக்கு ஆரம்பித்த போக்குவரத்து இது.

அந்த எதிர்க்கரையில் கரும்புத் தோட்டம் போட்டார்கள். வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே? நாகப்பட்டினத்தில் இருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். கூலி வேலைக்குப் போன நம்மவர்கள் பினாங்கில் இறங்கி, மறுபடியும் கடல் தாண்டி, தோட்டத்துக்குப் போனார்கள். அப்போது பெர்ரி ஏது? சம்பான் என்று சொல்லப்படும் சின்னத் துடுப்புப் படகுதான். அலை அடித்தால் பிழைப்பு சாமி விட்ட வழி.

சீன வியாபாரி விட்ட படகு

ஒழுங்காக நேரம் வைத்து ஓடிய முதல் பெர்ரி 1894-ல் வந்தது. விட்டவர் சர்க்கார் அல்ல, துரை அல்ல. குவா பெங் கீ என்ற சீன வியாபாரி. அவரும் சகோதரர்களும் சேர்ந்து நீராவிப் படகு வாங்கி விட்டார்கள். காசு கொடுத்தால் அக்கரை. அவ்வளவுதான் ஏற்பாடு. நன்றாக ஓடியது.

இருபது, முப்பது வருஷத்தில் காலம் மாறியது. ரப்பருக்கு விலை ஏறியது. தோட்டத் துரைகள் கார் வாங்கினார்கள். கார் இருக்கிறது, கடலில் அது ஓடாதே! கரையில் காரை விட்டுவிட்டுப் படகில் ஏறி, அந்தப் பக்கம் போய் ரிக்‌ஷா பிடிக்க துரைக்கு மனசு வருமா?

துறைமுக போர்டு இந்தப் போக்குவரத்தைக் கையில் எடுத்தது. 1925-ல் வண்டி ஏற்றும் பெர்ரி வந்தது. முதலில் ஒரே தளம்தான். காரும் அதில், ஆளும் அதில். பிற்காலத்தில்தான் இரண்டு அடுக்குப் படகுகள் வந்தன. கீழே வண்டி, மேலே ஜனம்.

தண்டவாளம் இல்லாத ரெயில் நிலையம்!

இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுனில் கடற்கரை ஓரமாக மணிக்கூண்டு வைத்த ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. 1909 வாக்கில் கட்டி முடித்தது. இப்போது சுங்க இலாகா இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ரெயில்வே கட்டடம். டிக்கெட் கொடுத்தார்கள். ஆனால் ரெயில் வராது! ஒரு முழம் தண்டவாளம்கூட அங்கே கிடையாது.

பின்னே எப்படி? டிக்கெட் வாங்கியவனை ரெயில்வேயின் சொந்தப் படகில் ஏற்றி, அக்கரையில் உள்ள பிறை என்ற ஊருக்குக் கொண்டுபோவார்கள். நிஜ ரெயில் அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். ஆக, ரெயில் பயணத்தின் முதல் கட்டம் தண்ணீரில்! "தண்டவாளம் இல்லாத ரெயில் நிலையம்" என்று அந்தக் கட்டடத்தை ஊரார் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1967-ல் பட்டர்வொர்த்தில் ரெயில் நிலையம் வந்தது. பெர்ரி துறைக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். கோலாலம்பூரில் இருந்து ராத்திரி ரெயில் ஏறி, விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் பெர்ரி. தோட்டத்துத் தமிழனுக்கு அதுவே பெரிய வசதி.

வெள்ளைக்காரன் ஓடிய ராத்திரி

1941 டிசம்பர். ஜப்பான்காரன் மலாயாவில் குதித்துவிட்டான்.

டிசம்பர் 10-ந் தேதி "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்", "ரிபல்ஸ்" என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. மறுநாள் பினாங்கில் குண்டு மழை! விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய ஜனங்கள் மீதே குண்டு விழுந்தது. கடைத்தெரு பற்றி எரிந்தது. ஊர் சிதறி ஓடியது. பெர்ரி ஓட்டிய மாலுமிகளும் ஓடினார்கள். யார்தான் நிற்பார்கள்?

படகு இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. அப்போது வந்து பெர்ரி ஓட்டியவர்கள் யார் தெரியுமா? மூழ்கிய அந்த இரண்டு போர்க்கப்பல்களில் இருந்து உயிர் தப்பிய மாலுமிகள்! சமுத்திரத்தில் யுத்தக் கப்பல் ஓட்டியவன், மூணு கிலோமீட்டர் பெர்ரி ஓட்டினான். காலம் செய்த கோலம்.

அந்தப் படகுகள் யாருக்காக ஓடின என்பதுதான் வயிற்றெரிச்சல். டிசம்பர் 16-ந் தேதி ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைக்காரர்களைத் தீவில் இருந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் எவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் துரையும் இல்லை, போலீசும் இல்லை.

அப்போது ஊரைக் காக்க முன்னால் வந்தவர் ஒரு தமிழர். பெயர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையில் பிறந்தவர். "ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ" என்ற ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். கோட்டைக்குப் போய், இன்னமும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைத் தன் கையால் இறக்கினார். "வெள்ளைக்காரன் போய்விட்டான், இனிமேல் குண்டு போடாதே" என்று ஜப்பானுக்குத் தெரிய வேண்டுமே! ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி ஒரு கமிட்டி அமைத்து, அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி செய்தார். 19-ந் தேதி ஜப்பான்காரன் வந்து சேர்ந்தான்.

(கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: கொழும்பில் "பி. சரா" மைதானம் இருக்கிறதே, அது இவருடைய சகோதரர் பெயரில் உள்ளது.)

போக காசு, வர இலவசம்!

யுத்தம் முடிந்தது. 1956-ல் துறைமுக போர்டு போய், துறைமுக கமிஷன் வந்தது. மறுவருஷம் நாட்டுக்குச் சுதந்திரம். புதிய படகுத் துறைகள் கட்டினார்கள். தீவுப் பக்கத்துத் துறைக்குப் பினாங்கின் முதல் கவர்னர் ராஜா ஊடாவின் பெயர். பட்டர்வொர்த் பக்கத்துத் துறைக்குக் கெடா சுல்தான் அப்துல் ஹலீமின் பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படகுகளுக்கு ஒவ்வொரு தீவின் பெயராக வைத்தார்கள். "புலாவ்" என்றால் தீவு. புலாவ் அங்சா, புலாவ் ரிமாவ், புலாவ் ஊண்டான், புலாவ் காப்பாஸ், புலாவ் பாயார் இப்படிப் போகும். அங்சா என்றால் வாத்து ஜாதி. ரிமாவ் என்றால் புலி. வாத்தில் ஏறுவதா புலியில் ஏறுவதா என்பது அன்றன்றைக்கு எது வருகிறதோ அதைப் பொறுத்தது!

டிக்கெட் விஷயம் இன்னும் ருசி. பட்டர்வொர்த்தில் இருந்து தீவுக்குப் போகத்தான் காசு. தீவில் இருந்து திரும்பி வர ஒரு காசும் கிடையாது! கடைசிக் காலத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. காருக்கு 7 வெள்ளி 70 காசு. (மலேசிய ரிங்கிட்டை அங்கே உள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும், இரண்டு பக்கமும் கவுண்டர் போட்டு ஆள் வைப்பானேன் என்ற கணக்கு. நம்ம ஊர் பஸ்சில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எப்படி இருக்கும்!

பயணம் 15, 20 நிமிஷம். பட்டர்வொர்த்தில் வண்டிகளை வரிசையாக விடுவார்கள். கீழ்த்தளத்தில் காரை ஒட்டி ஒட்டி நிறுத்தி, என்ஜினை அணைத்து, கைபிரேக்கைப் போட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்து கொள்வான். மேல்தளத்தில் ஜனங்கள். இரண்டு பக்கமும் திறந்த படகு. காற்று சும்மா பிய்த்துக்கொண்டு போகும். பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் காற்று சம்பளத்தில் சேராத ஒரு போனஸ்.

அதில் போகாத ஆள் கிடையாது. தீவில் ஆஸ்பத்திரி, தீவில் பள்ளிக்கூடம், தீவில் ஆபீஸ். 1972-ல் தீவின் தென்பக்கம் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை வந்ததும், எலெக்ட்ரானிக் கம்பெனி வேலைக்கு எதிர்க்கரைப் பெண்கள் கிளம்பினார்கள். தைப்பூசம் வந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் கூட்டம் பெர்ரியில்தான் வரும். மஞ்சள் வேட்டியும் பால்குடமும் அரோகராவுமாகக் கடல் தாண்டுகிற கூட்டம் அது.

ஆனால் கார் வைத்திருந்தவன் பட்ட பாடு பெரும் பாடு! பண்டிகை வந்தால் பட்டர்வொர்த்தில் கார் வரிசை நீண்டுகொண்டே போகும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பிள்ளைகள் அழும், பெண்டாட்டி முறைப்பாள், ரேடியேட்டர் கொதிக்கும். அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை!

பாலம் வந்தது

1985. செப்டம்பர் 14-ந் தேதி பினாங்கு பாலம் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் கடல் மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர். கட்டியதில் தென்கொரியாவின் ஹூண்டாய் கூட்டத்தைச் சேர்ந்த கம்பெனிக்குப் பெரும்பங்கு. (அதே கூட்டத்துக் கார்தான் இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருந்து வருகிறது.) பிரதம மந்திரி மகாதீர், மலேசியா அப்போதுதான் தயாரித்திருந்த புரோட்டான் சாகா காரைத் தானே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். ஊரே கைதட்டியது.

காரெல்லாம் பாலத்துக்குப் போயின. வரிசை கரைந்தது. "பெர்ரி அம்பேல்" என்று பேசினார்கள்.

பேசியவர்கள் எல்லோரும் கார் வைத்திருந்தவர்கள். பாலத்தில் நடந்து போக முடியாது. கார் இல்லாதவனுக்குப் பாலம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவன் பழையபடி பெர்ரிக்குத்தான் போனான். எத்தனை பேர் அப்படி இருந்தார்கள் என்பதை ஊர் தெரிந்துகொண்ட விதம்தான் கொடுமை.

இடிந்து விழுந்த மேல்தளம்

1988 ஜூலை 31. ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு இரண்டு கரையிலும் திருவிழா. எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் என்ற ஊரில் புனித அன்னம்மாள் கோவில் திருநாள். மாதாவின் தாயார் அன்னம்மாள். நமக்கு வேளாங்கண்ணி எப்படியோ, மலேசியாக்காரர்களுக்கு அந்தக் கோவில் அப்படி. கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, வேண்டிக்கொண்ட எல்லா மதத்தாரும் வருவார்கள். தீவுப் பக்கத்தில் சீனர்கள் கும்பிடும் குவான் யின் அம்மனுக்கு விழா. ஆக, அங்கே இருந்து இங்கே ஒரு கூட்டம், இங்கே இருந்து அங்கே ஒரு கூட்டம். பாலம் திறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் ஜனம் வந்து நின்றது பெர்ரி துறையில்தான்.

பட்டர்வொர்த் துறையில் சாயங்காலம் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டம். ஆள் காத்திருக்கும் இடம் மேல்தளத்தில். குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தவர்கள், கோவில் பிரசாதம் வைத்திருந்தவர்கள். அடுத்த படகு வரட்டும் என்று நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முண்டினார்கள். முன்னால் நின்றவர்களுக்கு நகர இடம் இல்லை.

திடீரென்று மேல்தளம் அப்படியே இடிந்து விழுந்தது!

"ஐயோ" என்று அலறக்கூட நேரம் இல்லை. கான்கிரீட், இரும்பு, மனிதர்கள் எல்லாம் ஒன்றாகக் கீழே போய்விட்டது. தூசி அடங்கியபோது எங்கே பார்த்தாலும் முனகல். நசுங்கிக் கிடந்தவர்கள் மேல் இன்னும் சிலர். 32 பேர் செத்தார்கள். காயம் பட்டவர்கள் 1,634 பேர்!

படகு மூழ்கவில்லை. புயல் அடிக்கவில்லை. 94 வருஷ பெர்ரி சரித்திரத்தில் ஊரை உலுக்கிய இந்தப் பெரிய சாவு கடலில் நடக்கவே இல்லை, கரையில் நடந்தது. படகில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று கணக்கு உண்டு. காத்திருக்கும் இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று நின்று எண்ணியவர் யார்?

அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது. இடிந்த துறையைத் திரும்பக் கட்டினார்கள். பெர்ரி மறுபடி ஓடியது. ஜனங்கள் மறுபடி ஏறினார்கள். பயம் இல்லாமல் அல்ல. வேறு வழி இல்லாமல்.

2014 மார்ச் 1-ந் தேதி இரண்டாவது பாலம் திறந்தார்கள். 24 கிலோமீட்டர் நீளம். அதற்கு வைத்த பெயர் என்ன? சுல்தான் அப்துல் ஹலீம்! பெர்ரி துறைக்கு வைத்த அதே சுல்தான் பெயர்தான் பெர்ரிக்குப் போட்டியான பாலத்துக்கும்.

கார் இறங்கிய நாள்

அப்புறம் நடந்தது தேய்பிறை. துறைமுகம் தனி கம்பெனியாக மாறியது. படகுகளுக்கு வயதாகியது. சில படகுகள் நாற்பதைத் தொட்டன. மனிதனுக்கு நாற்பது வயது வாலிபம். உப்புத் தண்ணீரில் கிடக்கிற இரும்புக்கு அது தள்ளாத வயது. ஒன்று பழுதானால் அதைச் சரி செய்ய நாள் ஆகும். அதற்குள் இன்னொன்று படுத்துவிடும். ஓடுகிற படகு குறைந்தது. நிற்கிற நேரம் கூடியது.

2017 ஜூலையில் நிர்வாகம் பிரசரானா என்ற அரசாங்கப் போக்குவரத்துக் கம்பெனிக்கு மாறியது. "ராப்பிட் பெர்ரி" என்று பெயர் வைத்தார்கள். ராப்பிட் என்றால் வேகம். வேகம் பெயரில் வந்தது. படகு அதே படகு! கடைசியில் மறுபடியும் துறைமுகக் கம்பெனி கைக்கே திரும்பி வந்தது.

2020 டிசம்பர் 31-ந் தேதி. நாளை முதல் காருக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரில் போகாதவர்களும் அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா கையைப் பிடித்துப் போன படகு, காதலியோடு போன படகு, கல்யாணம் ஆகி மாமியார் வீட்டுக்குப் போன படகு. கடைசியாக ஒரு தரம் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. போட்டோ எடுத்தார்கள். கண் கலங்கியவர்களும் உண்டு.

அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவன் நிலைமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2021 ஜனவரி 1 முதல் நடந்து வருகிறவர்களுக்கு வேகப் படகு விட்டார்கள். தூரத்துத் தீவுகளுக்குப் போகிற மாதிரி, நாலு பக்கமும் மூடிய படகு. திறந்த தளமும் போச்சு, காற்றும் போச்சு. இரு சக்கர வண்டிக்கு மட்டும் பழைய பெர்ரி இன்னும் கொஞ்ச மாதம் ஓடி, அந்த வருஷம் நடுவில் அதுவும் நின்றது. புதிய படகு வரும் வரும் என்று ஜனங்கள் இரண்டரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கார்க்காரனுக்கு இரண்டு பாலம் இருக்கிறது. ஒரு படகு இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு நினைவுதான் நஷ்டம். நடக்கிறவனுக்கு நஷ்டம் தினசரி!

புதுப் படகு

2023 ஆகஸ்டு 7-ந் தேதி புதிய பெர்ரிகள் ஓட ஆரம்பித்தன. மொத்தம் நாலு. இந்தத் தடவை தீவின் பெயர் இல்லை. "தெலுக்" என்று ஆரம்பிக்கும் பெயர்கள்: தெலுக் பாஹாங், தெலுக் கும்பார், தெலுக் டூயோங், தெலுக் கம்பி. தெலுக் என்றால் வளைகுடா.

ஒரு படகில் 250 பேர். கூடவே 50 மோட்டார் சைக்கிள். கார் ஏற இடமே வைக்கவில்லை! டிக்கெட் பெரியவர்களுக்கு 2 வெள்ளி ஆனது. ரொக்கக் காசு வாங்குவது இல்லை. அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும். பையில் சில்லறையை முடிந்துகொண்டு வருகிற பாட்டிகளுக்கு இது ஒரு சங்கடம். யாராவது பேரன் வயதுப் பையன் தன் அட்டையைத் தட்டி உள்ளே விடுகிறான்.

இன்னொரு விஷயம். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலத்திலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. இலவசம்! அப்படியும் காசு கொடுத்து மோட்டார் சைக்கிளைப் பெர்ரியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்? பாலத்தின் மேல் ஒரு தரம் மழையில் போய்ப் பார்த்தால் தெரியும். பக்கத்தில் லாரி, பக்கவாட்டில் கடல் காற்று, கீழே கறுப்புத் தண்ணீர். ஸ்கூட்டரின் பின்னால் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் தாய், பெர்ரிக்கு ஆகிற காசைச் செலவு என்று நினைக்கமாட்டாள்.

பட்டர்வொர்த்தில் இப்போது "பினாங்கு சென்ட்ரல்" என்று பெரிய நிலையம் 2018 முதல் இருக்கிறது. ரெயில், பஸ், பெர்ரி மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கார் வைத்திருப்பவரும் அங்கே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்து ஏறலாம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். வேலைக்காக அல்ல, அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷக் கடலுக்காக.

அக்கரையில் இறங்கினால் முன்னால் பஸ் நிற்கும். வலது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த மணிக்கூண்டுக் கட்டடம். தண்டவாளம் இல்லாத ரெயில் நிலையம். டிக்கெட் கொடுப்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. பஸ் கிளம்பிவிடுமே என்று ஓடுகிறார்கள். பின்னால் பெர்ரி அடுத்த நடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது.